வால்பாறைக்கு இரண்டு நாள்

"ஆபீஸ் பசங்களோட வால்பாறை போறோம். ரெண்டு நாள், செலவு கம்மியா. நீதான் அந்த ஊரைக் கரைச்சுக் குடிச்சிருக்கியே, எழுதிக் குடு," என்றான் தயாளன் மனைவியிடம்.

"நானும் வரட்டுங்களா?"

"ஆம்பளைங்க கூட்டத்துல நீ என்ன பண்ணுவே? அம்மாவ யாரு பாத்துக்குவா?"

ஒருமுறைகூட மலை ஏறியிராத பூங்கோதை எழுதினாள். பொள்ளாச்சியில் விடிகாலை பஸ், சாரல் அடிக்காத இருக்கை, மேகம் விலகினால் அணை தெரியும் வளைவு, நனைந்த துணியை அடுப்பருகே உலர்த்தவிடும் மலிவு விடுதி. போய்வந்தவர்களிடமெல்லாம் பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை.

தயாளன் தாளைப் புரட்டிப் பார்த்தான்.

"எல்லாஞ் சரி. திரும்பி வர்ற பஸ் எத்தன மணிக்கு?"

பூங்கோதை பேனாவைத் திறந்தாள். அதை மட்டும் அவள் யாரிடமும் கேட்டதே இல்லை.