வேம்பு நகரின் பழைய வரைபடம்

அரியலூர் வேம்பு நகரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த பெரம்பலூர் கல்லூரி ஆசிரியை வெற்றிச்செல்விக்கு, தாலுகா அலுவலக ஆவண அறைக்கு இது நான்காவது நடை. மூன்று முறை "இல்லீங்க மேடம்" என்று கைவிரித்த எழுத்தர் மாயவன், அவள் தகவல் அறியும் உரிமை மனு போட்ட பிறகு வேறு வழியின்றிப் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

வேம்பு நகர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஏரி வரையப்பட்டிருந்தது.

"பாத்துட்டீங்கல்ல, மடிச்சு வச்சிரட்டுமா?"

"இதைத்தான் சார் புத்தகத்துல முதல் பக்கமா போடப்போறேன்."

"போட்டா நாப்பது வூட்டுக்கும் ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் வருங்க. நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. அங்க மூணாம் நம்பர் என் வூடு."

வெற்றிச்செல்வி செல்போனை எடுத்து வரைபடத்தைப் படம்பிடித்தாள்.

"ஏழாம் நம்பர் சிந்தாமணியத் தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? போன ஐப்பசி மழையில வூட்டுக்குள்ள தண்ணி வந்து, நாள் பூரா கட்டில்லயே உக்காந்திருந்தாங்களே."

"என் அம்மாதான். அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடப்போய்த்தான் சார் இந்த வரலாறே."

மாயவன் சுருண்டுகொண்டிருந்த வரைபடத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்தார்.

"இன்னொரு தடவ எடுங்க மேடம். தண்ணி வடியற வாய்க்கால் இந்தப் பக்கம் இருக்கு."