வெள்ளைக் கோடு

“இந்த போல்ட்டை யார் தொட்டது?”

டெய்சோ குரலை உயர்த்தவில்லை. ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஷூஜி நிறுத்தினான். அப்பா குரலை உயர்த்தாதபோதுதான் பயப்பட வேண்டும்.

“நான் தொடலப்பா. டேங்க்கைத் துடைச்சதோட சரி.”

முன் சக்கரத்து பிரேக்கைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளின் மேல் டார்ச் வெளிச்சம் நின்றது. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இறங்கிப் பக்கத்து இரும்பில் முடிந்தது. இறுக்கி முடித்ததும் போடுகிற கோடு. போல்ட் அசைந்தால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். மோட்டார் சைக்கிள் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் அந்தக் கோட்டைப் போட்டவர் டெய்சோ.

“கோடு உடையலையேப்பா. நேராத்தானே இருக்கு?”

“இது என் கோடு இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

டெய்சோ வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

எழுபத்திரண்டாம் வருஷத்து ஹோண்டா. நாலு வருஷமாக இந்த கராஜில் பிரித்துப் பிரித்துச் சேர்த்தது. நாளை காலை பத்து மணிக்கு அரசாங்கச் சோதனை. ஞாயிற்றுக்கிழமை ஷூஜி அதை மலைப்பாதையில் ஓட்டிப் போகிறான்.

“அப்பா, நாலு வருஷமா நம்ம ரெண்டு பேரைத் தவிர இங்க யாரு வர்றாங்க?”

அப்போதுதான் ஷூஜியின் மனைவி சிஹோ பார்லி டீயோடு உள்ளே வந்தாள். தட்டை வேலை மேஜையில் வைத்தாள்.

“கையைக் காட்டு” என்றார் டெய்சோ.

“மாமா?”

“நகத்தோரம் என்ன அது, வெள்ளையா?”

சிஹோ விரலைப் பார்த்தாள். மறைக்கவில்லை.

“பெயிண்ட், மாமா.”

ஷூஜி ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். ‘இது ஓடாமலே இருந்தா எனக்கு நிம்மதி’ என்று போன மாதம் சாப்பிடும்போது அவள் சொன்னது மூன்று பேருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“நீயா ரெஞ்ச் போட்ட?”

“ஆமாங்க.”

“எப்ப?”

“நேத்து. மாமா குளிக்கப் போயிருந்தப்ப. முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் தொட நேரம் கிடைக்கல.”

“நேரம் கிடைக்கலயாம்” என்றார் டெய்சோ. “சக்கர நாற்காலி கம்பெனில போல்ட் போடுறவளுக்கு மோட்டார் சைக்கிள்ல என்ன வேலை? உங்க கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறியா?”

சிஹோ தலை குனிந்து நின்றாள்.

“ஏன் செஞ்ச? அதையாவது சொல்லு” என்றான் ஷூஜி.

“நீங்க இதுல போறதை நினைச்சாப் பயமா இருந்துச்சு.”

“அதுக்கு? பிரேக்ல கை வைப்பியா? மலையில இறங்குறப்ப இது கழண்டா என்னாகும்னு தெரியுமா?”

“தெரியும்.”

“இனிமே இந்த கராஜுக்குள்ள கால் வைக்காதே” என்றார் டெய்சோ. டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார். தட்டில் கோப்பை கடகடத்தது.

ஷூஜி அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீளமான பெட்டியை இறக்கினான். டார்க் ரெஞ்ச். வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும். டெய்சோ ஓய்வு பெற்ற அன்று கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. என் கைக்கே அளவு தெரியும் என்று அவர் அதைத் திறந்ததே இல்லை.

பெட்டியில் தூசி இல்லை.

“எல்லாத்தையும் நானே ஒரு தடவை இறுக்கிடறேன்.”

“வேண்டாங்க” என்றாள் சிஹோ அவசரமாக. “இப்ப வேண்டாம். மாமா உள்ள போனதும் பாருங்க.”

“அவர் எதிர்லதான் பார்க்கணும். நீ செஞ்சதை அவரும் பார்க்கட்டும்.”

பிரேக் போல்ட்டில் ரெஞ்சை மாட்டி அழுத்தினான்.

டிக்.

போல்ட் இம்மியும் நகரவில்லை. இரண்டாவது. டிக். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த நாலு போல்ட்டுகள். டிக். டிக். டிக். டிக்.

“எதையும் கழட்டலையே இவ” என்றான் ஷூஜி, யாரிடம் என்றில்லாமல்.

சிஹோ கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பின்பக்கம் போய்க் குந்தினான். ஷாக் அப்சார்பரின் அடியில் இருந்த நட்டில் ரெஞ்சை வைத்து அழுத்தினான். சத்தம் வரவில்லை. நட் நகர்ந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. அப்புறம்தான் டிக். அடுத்ததும் அப்படியே. இன்ஜினைத் தாங்குகிற போல்ட் முக்கால் சுற்று போனது.

டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தான். இப்போது திருகியதில் உடைந்து விலகிய வெள்ளைக் கோடுகள். ஒவ்வொன்றும் நெளிந்து, போல்ட் தலையை விட்டு வழுக்கி, திரும்ப வந்து சேர்ந்திருந்தது. முன்பக்கம் வந்து குந்திப் பார்த்தான். அங்கே இருந்தவை ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தன.

ஷூஜி எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.



டெய்சோ மேஜைக்குப் போனார். வெள்ளைப் பெயிண்ட் புட்டியையும் தூரிகையையும் எடுத்தார். அவர் கையில் தூரிகை புட்டியின் கழுத்தில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. இரண்டையும் சிஹோவிடம் நீட்டினார்.

“பின்பக்கத்தையும் முடிச்சிடும்மா.”

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

“கோட்டை மட்டும் கொஞ்சம் கோணலாப் போடு. இல்லேன்னா நான் போட்டதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க.”