கிணறு காத்த தலை

“கிணத்தை மூடவேணும், ஐயா” என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் சண்முகரத்தினம். “உங்கட தலைமயிரில ஈயம் கனக்க இருக்குது. தண்ணியாலதான் வந்திருக்கவேணும்.”

ஆழ்வாப்பிள்ளையின் முகம் செத்துப்போனது. செய்வினைக்குப் பயந்து சுருவில் கிராமத்தில் ஒருத்தரும் ஆராய்ச்சிக்குத் தலைமயிர் கொடுக்காதபோது, “எழுபது வயசிலயும் ஒரு நரை இல்லை, எல்லாம் என்ர கிணத்துத் தண்ணி” என்று பெருமையடித்து வெட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

குடத்தோடு வந்த இராசமணி அப்படியே நின்றுவிட்டாள். “மற்றக் கிணறெல்லாம் உப்புச் சவர். நாங்கள் எங்க போறது?”

“தண்ணியைச் சோதிச்சு முடிவு வருமட்டும் ஒருத்தரும் குடிக்க ஏலாது, அக்கா.”

ஆழ்வாப்பிள்ளை ஆராய்ச்சிக்காரரை வேலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தணித்தார்.

“தம்பி, தலைக்குப் பூசுற கறுப்பு மையில ஈயம் இருக்குமோ?”

“சிலதில நிறைய இருக்கும். ஏன் ஐயா?”

“மகன் கொழும்பிலயிருந்து அனுப்புறவன். கனகாலமாய்ப் பூசுறன்.”

சண்முகரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இனிப் பூசாதேங்கோ.”

“பூசமாட்டன். நீர் மட்டும் வாய் திறவாதேயும்.”

சண்முகரத்தினம் திரும்பிவந்து, தானே ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தார். “நான் சொன்னது பிழை, அக்கா. அள்ளுங்கோ.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஆழ்வாப்பிள்ளை நயினாதீவிலிருந்து மொட்டைத் தலையோடு வந்து இறங்கினார். கிணறு தப்பினால் முடி இறக்குவதாக அம்மனுக்கு நேர்த்தியாம்.

இராசமணிக்குக் கண் கலங்கியது. “எங்கட தண்ணிக்காக எவ்வளவு கறுத்த தலைமயிரைக் குடுத்திட்டார் மனுசன்.”