பால்சாமி & சன்ஸ்

'இன்னைக்கு அந்தப் பெரியவரை முடிச்சு விட்டுரு' என்று கோகிலா காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். மகேஸ்வரி பதில் போடவில்லை. மத்தியானம் ஆனதும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். எழுந்ததிலிருந்து யாரிடமும் பேசாத தொண்டை, போனில் முதல் வார்த்தையிலேயே கரகரக்கும்.

சென்னையில் இருக்கும் ஒரு சிறிய மெயில் மென்பொருள் கம்பெனிக்கு, தங்கச்சிமடத்து மாடி வீட்டிலிருந்து அவள் வேலை பார்க்கிறாள். தமிழில் உதவி கேட்டு வரும் அழைப்புகள் அவளுக்கு. கோகிலா அவளுடைய மேலதிகாரி.

விவாகரத்து ஆன பிறகு, தெரிந்தவர் யாரும் இல்லாத ஊராகப் பார்த்து வந்தது அவள்தான். இங்கே ஜன்னலைத் திறந்தால் காற்று மட்டும்தான் உள்ளே வரும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

பெரியவர் பெயர் பால்சாமி. முதுகுளத்தூரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். முதல் தடவை, இரண்டு வத்தல் ரகத்தையும் சேர்த்து 'குண்டு/சம்பா' என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிட்டு, சம்பா வத்தல் மெயில் ஒன்றையும் காணோம் என்று கூப்பிட்டார்.

நடுவில் சாய்கோடு போட்டால் மென்பொருள் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும், சம்பாவைக் குண்டுக்குள் போட்டு மூடிவிடும் என்று மகேஸ்வரி விளக்கினாள். அதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மூக்கடைத்திருந்ததில் தான்தான் தெளிவாகச் சொல்லவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் 'பால்சாமி & சன்ஸ்' என்ற ஃபோல்டரின் பெயர் ஏதோ கிறுக்கலாக மாறிவிட்டது என்றார். அப்புறம் சதவீதக் குறி, அப்புறம் நட்சத்திரம். மென்பொருளுக்கு எந்த எழுத்து ஒத்துக்கொள்ளாதோ அதில் போய்த்தான் தினமும் முட்டிக்கொண்டார். ஒத்துக்கொள்கிற எழுத்தைத் தப்பித் தவறிக்கூட அவர் தொட்டதில்லை.

பெயரை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. பேச்சு முடியாது. மழை, காயாத வத்தல், ஆட்டுக்கு வந்த கழிச்சல் என்று போய், கடைசியில் "இன்னைக்கு என்ன கொழம்பு தாயி?" என்று வந்து நிற்கும். கேட்பாரே என்பதற்காகவே அவள் மறுபடியும் குழம்பு வைக்கத் தொடங்கியிருந்தாள்.

பதிவான பேச்சுகளைக் கோகிலா கேட்டிருக்கிறாள். "பேச ஆளில்லாத மனுசன். நீதான் பேசிப் பேசிப் பழக்கி விட்டுட்ட" என்றாள். ஒரே ஆள் இத்தனை தடவை கூப்பிட்டால் மேலே கேட்கிறார்களாம். இனி எதுவானாலும் மெயிலில் எழுதச் சொல்லி, போனை இன்றோடு நிறுத்திவிட வேண்டுமாம்.

நாளையிலிருந்து அந்த மனிதர் மத்தியானங்களை என்ன செய்வார் என்று மகேஸ்வரி யோசித்தாள். பாவமாக இருந்தது. தன்னுடைய மத்தியானங்கள் பற்றிய யோசனை அதன் பின்னாலேயே வந்தபோது, எழுந்துபோய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

போன் அடித்தது.

"தாயி, இன்னைக்கு அந்த நாலு கோட்டக் குறுக்க நெடுக்கப் போட்ட மாதிரி இருக்குமே, அதப் பேருக்கு முன்னாடி வச்சுட்டேன். ஃபோல்டரு தொறக்க மாட்டேங்குது."

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். தட்டு உருண்டது. ஒரு பெண் குரல் சாப்பிட வரச் சொல்லி அவரை அழைத்தது. அத்தனை பேர் நடுவிலும் காது கொடுக்க ஒருவர் இல்லையே என்று மகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். தனிமை ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான வீட்டில் அவளும் அப்படித்தான் இருந்தாள்.

அந்தக் குறியை எடுத்துவிட்டு வெறும் பெயரை மட்டும் வைக்கச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆச்சு என்றார். பிறகு குழம்பைக் கேட்டார். நகரை மீன் என்றாள். வெறும் ரசத்தோடு நிறுத்திக்கொள்ளாதது நல்லது என்றார்.

கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த வாசகம் திரையில் இருந்தது. அவளுக்கு அது வாயில் வரவில்லை.

"அய்யா, இனிமே போன் பண்ணாதீக. எதுவா இருந்தாலும் மெயில்ல எழுதச் சொல்றாக." மூச்சு விட்டுக்கொண்டாள். "தனியா இருக்குறது கஷ்டந்தான், எனக்குத் தெரியும். வீட்ல யாரையாச்சும் பக்கத்துல உக்கார வச்சுப் பேசுங்கய்யா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சிரிப்பும் தட்டுச் சத்தமும் அடங்கின.

"எனக்கென்ன தாயி, கூடம் கொள்ளாத ஆளு இங்கன. பேசி மாளல" என்றார் பால்சாமி. "அந்த ஃபோல்டர எம்மருமக பூமயிலு மொத நாளே சரி பண்ணிருச்சு. என்னென்ன எழுத்து ஃபோல்டருக்கு ஆகாதுன்னு தெனமும் அதுட்டதான் கேட்டுட்டு வாரேன்."

மகேஸ்வரி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பெறகு எதுக்குய்யா கூப்புட்டீக?"

"மொத நாளு நீ அழுதுக்கிட்டே பேசுனியே தாயி."