இடது கால் ஊர்

அஞ்சுகத்தின் ஊரில் இருந்த வெளிநாட்டுக் கம்பெனி பதினேழு வருடங்களாக இடது கால் ஷூவை மட்டுமே தைத்து அனுப்பியது. வலது கால் ஷூ கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டில் தயாரானது. இரண்டும் மூன்றாவதாக ஒரு நாட்டில் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தன. ஊரில் யாரும் வலதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தார்ச்சாலை வந்தது, கூரை வீடுகள் மாடி வீடுகளாயின, அஞ்சுகத்தின் மகள் பொறியியல் படித்தாள். குறை சொல்ல வாய் வராது. ஒருமுறை, அங்கே தையல் வேலை பார்த்த அஞ்சுகம் சூப்பர்வைசரிடம், "வலதையும் நாங்களே தைச்சிடலாமே சார்?" என்று கேட்டாள். "அது உங்களுக்கு வராதும்மா" என்று அவர் சிரித்தார். அவளும் அதை நம்பிவிட்டாள்.

கூலி இன்னும் குறைவான ஒரு நாட்டுக்குக் கம்பெனி கிளம்பியபோது, ஆளுக்கொரு ஷூவை நினைவுப்பரிசாகக் கொடுத்தது.

"ஒத்த ஷூவ வச்சிக்கிட்டு என்னடி பண்றது?" என்று கேட்டார் அவள் கணவர் மாசிலாமணி.

பீரோவுக்குள் வைத்துவிடலாம் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனவள், பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள் இருந்தது வலது கால் ஷூ. ஷூவைத் தரையில் வைத்துத் தானும் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் தெரிந்ததைக் குதிகாலிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார்த்தாள். அவள் கை அறியாத தையல் ஒன்றுகூட அதில் இல்லை.

"என்னத்த அப்படிப் பாக்குற?"

"அந்தப் பழைய காலண்டர் அட்டையக் கொஞ்சம் எடுங்க" என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கத்திரிக்கோலும்."