ஒரு சொட்டும் விடாத பூட்ஸ்

கடையில் வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்துத்தான் பூங்கோதை அந்த ரப்பர் பூட்ஸை வாங்கினாள். மழை தாங்கும், காற்றும் போகும் என்று கடைக்காரர் காட்டிய லேசான ஷூவை, "வெறும் துணிதானேண்ணே" என்று தள்ளிவிட்டாள்.

மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது.

"ஒரு சொட்டு உள்ளே விட்டேனா, பார்!" என்றது பூட்ஸ்.

"வெளியேயும் விடலையே. வேர்வையில ஊறிக் கிடக்கேன். பாதம் புழுங்குது" என்றது உள்ளேயிருந்த சாக்ஸ்.

"நனையாம காப்பாத்துறேன், அதுக்கும் குறையா?" என்று பூட்ஸ் கோபித்துக்கொண்டது.

பாதி வழியில் பூங்கோதை பாறையில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றினாள். பாதம் வெளுத்து ஊறி, குதிகாலில் தோல் உரிந்திருந்தது. பூட்ஸ் அப்போதுதான் அதைப் பார்த்தது.

"நீ நனையக் கூடாதுன்னுதானே..." என்று தொடங்கியது.

பாதம் ஈரப் புல்லில் நொண்டிக்கொண்டே இறங்கியது.

அவள் கையில் தொங்கிய பூட்ஸுக்குள் மழை பெய்தது. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.