முழுக்கைச் சட்டை

"முழுக்கைச் சட்டையே போடுங்க. பெங்களூரு டாக்டருங்க எதிர்ல சொறிஞ்சி மானத்த வாங்காதீங்க," என்றாள் பார்வதம்மா.

"இன்னா சொல்லப் போறாங்களோ தெரியலடி," என்றார் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற துரை. முழங்கையில் பல வருட சொரியாசிஸ். போன வருடம் அதில் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்திருந்தார்கள்.

பெங்களூரு மருத்துவ மாநாட்டின் இருட்டு அரங்கில், திரையில் அந்தத் துணுக்கு யானைத்தோல் போல விரிந்தது. மேடையில் இளம் டாக்டர் விளக்கினாள்:

"புற்றுநோயைத் தடுக்கும் காவல் புரதம் இந்த அழற்சித் தோலில் அதிகமாகத் தென்படுகிறது. ஆனால், புற்றுநோய் இல்லை."

மூத்த டாக்டர்கள் குசுகுசுத்தார்கள். துரைக்கு வியர்த்தது. கடைசியில் மேடையிலிருந்து அறிவித்தார்கள்:

"சிறந்த ஆய்வுக்கான தங்கப் பதக்கம், டாக்டர் தேவிகா துரைக்கு!"

துரை துள்ளி எழுந்து சட்டைக்கையை மடித்துக் காட்டினார்.

"எம் பொண்ணுங்க அவ! அது என் முழங்கைங்க! சுரங்க ஷாஃப்ட்ட வுட்டு மேல ஏறும்போதெல்லாம் திருடிட்டனான்னு உடம்பத் தடவிப் பாத்தாங்க, குண்டுமணி தங்கம்கூட கெடைக்கல. எம் பொண்ணு இந்தக் கையிலருந்தே எடுத்துட்டா!"

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. பார்வதம்மா அவருடைய இன்னொரு சட்டைக்கையையும் தானே மடித்துவிட்டாள்.